ஸ்டெனியின் பெயரைச் சொல்லி

தக்கலை,
2-2-2025.

அன்புள்ள அனில் அண்ணனுக்கு,

ஸ்மைலின் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் இங்கே மாமா, மாமி, பிரீனா, ரெனிஷா எல்லோரும் சுகம். அந்த மலைக் குளிரில் நீங்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறோம். உங்களுக்குப் பலமுறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அங்கே டவர் கிடைக்காது என்று மாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால்தான் கடிதம். கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெனியின் தங்கை பிரீனா இந்த வருடம் இங்கே பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிசம்பரில் அங்கே ஒரு புது ஏற்பாடு வந்தது. முதலாமாண்டு பிள்ளைகள் எல்லோரும் ராணுவப் பயிற்சி எடுத்தே ஆக வேண்டுமாம். வராவிட்டால் வருகைப்பதிவு கிடையாது, வருகைப்பதிவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அங்கே என்.சி.சி. இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. விரும்புகிறவர்கள் சேருகிறார்கள். அதெல்லாம் போதாது, எல்லோரையும் நிறுத்த வேண்டும் என்று தாளாளருக்கு ஆசை. பயிற்சி கொடுக்க வந்தவர் ராணுவத்தில் இருந்தவர்கூட இல்லை. கடைகளுக்கும் வங்கிகளுக்கும் காவலாட்களை அனுப்பும் ஒரு கம்பெனியின் ஆள். பச்சை உடுப்பும் விசிலும் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

முதல் வாரம் பிரீனா ஒன்றும் சொல்லவில்லை. கால் வலிக்கிறது என்றாள், வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். என் மகள் ரெனிஷாவோடுகூடப் பேசாமல் படுத்துக்கொள்வாள். ஒருநாள் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கே வந்துவிட்டாள். கடையில் ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். அந்த ஆளுக்கு இவள் யாருடைய தங்கை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இவள் கால் கொஞ்சம் மாற்றி வைத்தாலும், "உனக்க அண்ணன் இப்பிடியா நிண்ணான்?" என்பாராம். மற்றப் பிள்ளைகள் களைத்துப்போனாலும் இவளைத்தான் முன்னால் கூப்பிட்டு, "இவளுக்க அண்ணன் உங்களுக்காகச் செத்தான், உங்களுக்கு வெயிலத்து நிக்க முடியாதா?" என்று கேட்பாராம்.

அண்ணா, என் கணவருடைய சாவை வைத்து அந்த வீட்டுப் பிள்ளையையே அடித்திருக்கிறார்கள். கையால் அடித்தால்தான் அடியா?

பொங்கல் கழிந்த சனிக்கிழமை டிஜோ என்ற பையன் வரிசையில் மயங்கி விழுந்திருக்கிறான். அவனுக்கு வீசிங் உண்டு. அவன் அம்மா எங்கள் கடையில்தான் இன்ஹேலர் வாங்குவார், எனக்கே தெரியும். யாரும் வரிசையை விட்டு நகரக்கூடாது என்று பயிற்சியாளர் கத்தினாராம். நடிக்கிறான், தானாக எழும்புவான் என்றாராம். பிரீனா நகர்ந்தாள். அவனைத் தூக்கி மரத்தடியில் இருத்தி, பையில் இருந்த இன்ஹேலரைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பையன் பிழைத்துக்கொண்டான். இவளுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? கட்டளையை மீறினாள் என்று வகுப்பில் நுழையத் தடை. பெற்றோரைக் கூட்டி வந்து மன்னிப்புக் கேட்டால்தான் உள்ளே விடுவார்களாம்.

மாமாவைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர், ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். கட்டாயப் பயிற்சி என்று கேட்டபோது நல்லதுதானே என்றவர் அவர்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனைக் குத்திக்கொண்டே கெட்டுப்போகிறார்கள், கொஞ்சம் வெயில் படட்டும் என்றார். பிரீனா விஷயத்தை நாங்கள் முழுதாகச் சொல்லவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு என்று மாமி தடுத்துவிட்டார். அதனால் மன்னிப்புக் கேட்க நானே போவதாக இருந்தேன்.

அதற்குள் அவர்களே வீட்டுக்கு வந்தார்கள். முதல்வரும் இரண்டு பேராசிரியர்களும் பழத்தட்டோடு. குடியரசு நாளன்று வீரமரணம் அடைந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்களாம், ஸ்டெனியின் அப்பாதான் சிறப்பு விருந்தினராம். பிரீனாவின் விஷயம் விழாவோடு சரியாகிவிடும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள். மாமாவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. மகனை அடக்கம் பண்ணிய பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எப்படி அண்ணா போக வேண்டாம் என்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் கிளம்பினோம். மாமி மட்டும் வரவில்லை. கல்லூரி வாசலில் ஆளுயரத்துக்கும் மேலே பிளெக்ஸ். ஸ்டெனியின் முகத்தை எங்கள் கல்யாணப் படத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ. கையில் பெரிய துப்பாக்கி, பின்னால் தீ, புகை, டாங்கி. ரெனிஷா அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, அப்பா ஆளுவள கொன்னாங்களா?" என்று கேட்டாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. இல்லை மக்களே என்றேன். அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

தாளாளர் பேசினார். எதிரிகள் சூழ்ந்துகொண்டபோது தனி ஒருவனாக நின்று சுட்டு, நெஞ்சில் குண்டு வாங்கி விழுந்தாராம் ஸ்டெனி. கடைசி மூச்சில் இளைஞர்களே எழுந்து வாருங்கள் என்றாராம். யார் காதில் சொன்னார்? யார் கேட்டார்கள்? கைதட்டல் அடங்கவே இல்லை. பிறகு அறிவித்தார், அடுத்த வருடம் முதல் எல்லா வகுப்புக்கும் பயிற்சி கட்டாயம், திட்டத்துக்கு ஸ்டெனியின் பெயர். டிஜோவின் அம்மா எனக்கு முன் வரிசையில் இருந்தார். அவர் கைதட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. இனி எந்தப் பிள்ளை வெயிலில் விழுந்தாலும் அந்தத் தாய் என் கணவர் பெயரைச் சொல்லித்தானே வயிறெரிவாள்?

பக்கத்தில் இருந்த பிரீனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தாள். நேரே மேடையேறிப் போய், மாலையும் சால்வையுமாக இருந்த அப்பாவின் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். வீட்டில் நாங்கள் மறைத்ததை எல்லாம் அந்தச் சில நொடிகளில் சொல்லிவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. மாமா அசையாமல் கேட்டார். மைக் அவர் கைக்கு வந்தது. எல்லோரும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

மாமா எழுந்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். அவர் பேசியதை நான் கேட்டபடியே எழுதுகிறேன்:

"எனக்க மோன் யாரையும் சுடேல்ல. அவனையும் யாரும் சுடேல்ல. மலையில ரோடு அடைஞ்சி கெடந்து, மண்ணு மாத்தப் போனான். மேல இருந்து இடிஞ்சி வந்தப்பம் கூட நிண்ண ஒருத்தன வெளிய தள்ளி விட்டான். ரோட்டு வேலைக்கு வந்த ரெண்டு கூலிக்காரங்க உள்ள கெடந்தாங்க. அவங்கள எடுக்கத் திரும்பிப் போனான். பின்ன வரேல்ல. இதுக்கு மேல ஒரு பெருமை எனக்கு வேண்டாம். அவன யாரும் பிடிச்சி பட்டாளத்துக்கு அனுப்பேல்ல. நானும் அவனுக்க அம்மையும் வேண்டாம்ணு சொன்னோம், அவனாட்டு போனான். விழுந்தவன தூக்கப் போனவனாக்கும் எனக்க மோன். இங்க விழுந்தவன தூக்கினதுக்கு எனக்க மவள வெளிய நிப்பாட்டிருக்கியோ. பின்ன எதுக்கு அவனுக்க பேரு உங்களுக்கு?"

அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். பேண்டு வாத்தியத்தை முழக்கச் சொன்னார்கள். மாமா இறங்கி வந்தார், நாங்கள் நடந்தோம். மாணவர்கள் கூட்டத்தில் சிலர் எழுந்து நின்றார்கள். யாரும் எழும்பச் சொல்லவில்லை.

அத்தோடு முடியவில்லை. மறுநாளே வாட்ஸ்அப்பில், மகனையே அவமானப்படுத்திய அப்பா என்று போட்டுவிட்டார்கள். ராணுவத்தை இழிவாகப் பேசினாராம். பென்ஷன் வாங்கித் தின்றுவிட்டு இப்படிப் பேசலாமா என்று, ஸ்டெனியின் அடக்கத்துக்கு வந்து என் கையைப் பிடித்து அழுத ஒருவரே எழுதியிருக்கிறார். சபையில் சிலர் மாமாவைப் பார்த்தால் வேறுபக்கம் திரும்புகிறார்கள். டிஜோவின் அம்மாவும் இன்னும் சில தாய்தகப்பன்மாரும் வீட்டுக்கு வந்து, கட்டாயத்தை நீக்கச் சொல்லி நாகர்கோவிலில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்றார்கள். நாளை எல்லோருமாகப் போகிறோம். பிரீனா இன்னும் வகுப்புக்கு வெளியேதான் இருக்கிறாள். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்கிறாள். நாங்களும் கேட்கச் சொல்லவில்லை.

எனக்கு ராணுவத்தின் மேல் கோபம் இல்லை அண்ணா. பட்டாளக்காரன் பெண்டாட்டியாக இருந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டெனி லீவில் வரும்போதெல்லாம் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்ட பிள்ளைகளை மைதானத்தில் ஓடவைத்துப் பழக்குவார். முடியாதவனை உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார், நாளைக்கு வா என்பார். அவரைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் இன்று எல்லையில் நிற்கிறார்கள். அதுதான் அவருக்கு மரியாதை. பயமுறுத்தி நிறுத்திய பிள்ளைகளின் வரிசைக்கு அவர் பெயரை வைத்தால் அது அவரை இன்னொரு முறை மண்ணுக்குள் போடுவதுதான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். பயிற்சி மைதானத்தை மாதக் கடைசியில் திறக்கப் போகிறார்கள். ஸ்டெனியோடு அன்று கூட இருந்த ஹவில்தார் அனில்குமாரை அழைத்திருக்கிறோம், அப்பா சொன்னது பொய் என்பதை அவரே வந்து சொல்வார் என்று முதல்வர் எல்லோரிடமும் பேசி வருகிறார். உங்களிடம் என்ன சொல்லிக் கேட்டார்கள் என்று தெரியாது. நீங்கள் ஒத்துக்கொண்டீர்களா என்றும் தெரியாது. அந்த நாட்களில்தான் உங்களுக்கு லீவு என்று பூதப்பாண்டியில் இருந்து அண்ணி சொன்னார்கள்.

அடக்கத்தன்று பெட்டியின் பக்கத்தில் நின்று நீங்கள் மாமாவிடம் சொன்னதைத்தான் மாமா மேடையில் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை, தள்ளிவிடப்பட்டவர் யார் என்று. ஏன் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அது அவன் சொல்லணும். நான் சொன்னா அந்தப் பிள்ளைக்கு பாரமாயிரும்" என்றார்.

நீங்கள் அந்த மைதானத்துக்குப் போனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். போக மனமில்லாவிட்டால் போகவே வேண்டாம், அதற்காக நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம். போன இரண்டு லீவிலும் நீங்கள் ஊருக்கு வந்து போனது எங்களுக்குத் தெரியும். எங்கள் வாசலுக்கு ஏன் வரவில்லை என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, இனியும் கேட்கப் போவதில்லை. மாமி உங்களைப் பற்றிப் பேசினால் ஒன்றுதான் சொல்வார்: "அனில் இருக்கானே, அது போதும் மக்களே."

வந்தால் கல்லறைத் தோட்டத்துக்கு முதலில் போக வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து எங்களோடு ஒருநேரம் சாப்பிடுங்கள். பிறகு எல்லோருமாகப் போகலாம். ரெனிஷா தன் அப்பாவைப் பற்றிக் கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்ல உங்களைவிட உரிமை உள்ளவர் வேறு யாரும் இல்லை.

கர்த்தர் உங்களுக்கு நல்ல தூக்கத்தைத் தர வேண்டும், மலையிறங்கும் வழியெல்லாம் கூட வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வருகைக்குக் காத்திருக்கும் தங்கை
ஸ்மைலின்