லீவுக்குப் போட்ட கையெழுத்து

மே 2, செவ்வாய்

காலை ஏழுக்கே வெயில். எங்கள் சேக்காட்டுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. முகம் மட்டும் கழுவிக்கொண்டு ஃபாக்டரிக்கு.

சனிக்கிழமை சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. லாஜிக் பகுதிதான் எமன். ‘எல்லாக் காகங்களும் குடைகள். சில குடைகள் மேசைகள். எனவே சில காகங்கள் மேசைகளா?’ எந்தக் கிறுக்கன் எழுதியது! பத்தில் நாலு சரி. புத்தகத்தைச் சுவரில் அடித்தேன்.

பதினோரு மணிக்கு, தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் கன்னியம்மா அக்காவின் வலது கை. இரண்டு விரல்கள் போய்விட்டன. டைப் அடிக்கிற என் மேசையிலிருந்து எல்லாம் தெரியும். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலையைப் போன மாதமே சூப்பர்வைசர் தாமோதரன் கழற்றச் சொன்னான். அது இருந்தால் வேலை மெதுவாம்.

மே 3, புதன்

தாமோதரன் சொல்லச் சொல்ல விபத்து அறிக்கையை டைப் அடித்தேன். ‘தடுப்பு வலை இருந்தது. தொழிலாளி கவனக்குறைவாகக் கையை விட்டார்.’ கீழே, நேரில் பார்த்தவர்: என் பெயர்.

“வலை இல்லையே சார்.”

“சனிக்கிழமை லீவு கேட்டிருந்தேல்ல? நீ இதுல கையெழுத்து போடு, நான் அதுல போடறேன்.”

போட்டேன். அவனும் போட்டான். அவன் பவுடர் வாசனை இன்னும் மூக்கில். சனியன். நான் அதைவிடப் பெரிய சனியன்.

அம்மாவிடம் சொன்னேன். “நீ போடலைன்னா வெரல் திரும்ப மொளச்சிடுமா?” என்றாள். சாப்பிடவில்லை.

மே 4, வியாழன்

இன்று லாஜிக்கில் பத்தில் ஒன்பது சரி. அதுவும் எரிச்சல்.

தப்பு கன்னியம்மா அக்கா மேல் என்பதால் நஷ்டஈடு கிடையாதாம். கேன்டீனில் பேச்சு. சாயங்காலம் பஸ் பிடித்து பாரிவாக்கம், அக்கா வீடு. கையில் பெரிய கட்டு.

“இன்னாமே, பழம் குடுக்க வந்தியா?”

உண்மையைச் சொன்னேன். “எந்திரி. என் ஊட்ட விட்டுப் போ.”

போகவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து, வலை இல்லை, கழற்றச் சொன்னது யார், என்னைக் கையெழுத்துப் போட வைத்தது எப்படி, எல்லாம் என் கையால் எழுதினேன். இடது கையால் பிடுங்கிக்கொண்டாள்.

மே 5, வெள்ளி

ராத்திரி மறுபடி எழுதிய கடித நகலை தாமோதரன் மேசையில் வைத்தேன். படித்தான். லீவுத் தாளை என் கண்முன் கிழித்தான்.

“நாளைக்கு வரலேன்னா திங்கட்கிழமை கேட்டுக்குள்ள கால வைக்காத.”

“சரி சார்.”

என் மேசைக்குத் திரும்பி மிச்சத்தை டைப் அடித்தேன்.

மே 6, சனி

தேர்வு. மின்விசிறி ஓடவில்லை. பக்கத்துப் பையன் பேனாவைத் தட்டித் தட்டி உயிரை வாங்கினான். லாஜிக் முழுக்க முடித்தேன். கணக்கில் கோட்டை விட்டேன். பொது அறிவு சுமார். சீட் கிடைக்குமா தெரியாது.

மே 8, திங்கள்

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. “உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா.” என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

அங்கிருந்து தொழிலாளர் அலுவலகம். கன்னியம்மா அக்கா முன்பே வந்திருந்தாள். அதிகாரி கம்பெனி அனுப்பிய அறிக்கையையும் என் கடிதத்தையும் அருகருகே வைத்தார்.

“ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எதம்மா நான் நம்பறது?”

அக்காதான் பேசினாள்.

“ரெண்டாவது காயிதத்த நம்பு சார். மொத காயிதம் போட்டப்ப இவளுக்கு லீவு கெடச்சுது. இதப் போட்டு இவளுக்கு இன்னா கெடச்சுது? இருந்த வேலையும் பூட்ச்சு.”

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். புகாரை வாங்கி முத்திரை வைத்தார். இந்த வாரமே மெஷினைப் பார்க்க வருவாராம்.

வெளியே வந்ததும் அக்கா நின்றாள்.

“உள்ள பேசுனது கேசுக்கு. உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத.”

“நெனைக்கல அக்கா.”

பஸ்ஸில் அவள் முன்சீட்டில். பக்கத்து இடம் காலி. நான் நின்றுகொண்டே வந்தேன்.