புயல் வந்தால்தான் நேரலை

அக்டோபர் 14, செவ்வாய்

ஜெயராணி அக்காவை வேலையிலிருந்து துரத்தியது டிவியில் செய்தி வாசிக்கும் நந்தகுமார். விடுதிக்காரன் வாசலைக் காட்டினான், அவ்வளவுதான்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். பிறகு நானே மழுப்பிவிடக் கூடாது. ஹேவ்லாக் தீவில் ஒரு கடற்கரை விடுதி. நீச்சல் குளத்துக்குத் தினமும் லாரித் தண்ணீர். துணி துவைக்கும் பெண்களின் குடியிருப்புக்கு வாரம் இரண்டு முறை. அதைக் கேமரா முன்னால் சொல்ல அக்கா ஒருத்திதான் முன்வந்தாள். "மூஞ்சி தெரியாதுன்னா பேசுறேன்." தெரியாது என்று சத்தியம் செய்தேன். சென்னைச் சேனலுக்குக் காட்சியை அனுப்பும்போது 'முகத்தை மறைக்கவும்' என்று எழுதினேன், போனிலும் சொன்னேன். நேற்று மாலைச் செய்தியில் அதை நந்தகுமார் வாசித்தான். முகம் முழுசாக. மூக்குத்திகூடத் தெரிந்தது. இன்று காலை முதல் படகில் அவளைப் பெட்டியோடு ஏற்றிவிட்டார்கள்.

அக்டோபர் 15

சேனலுக்குப் போன் செய்தேன். நந்தகுமாரே எடுத்தான்.

"முகம் இல்லாம எப்படிம்மா கதை நிக்கும்? அந்தக் கண்ணு இருக்கே, அதான் ஸ்டோரி."

அவளுக்கு வேலை போய்விட்டது என்றேன்.

"அச்சச்சோ. ஃபாலோ-அப் பண்ணலாமா ஷீலாம்மா?"

ஃபாலோ-அப்பாம். நாய்.

அக்டோபர் 19, ஞாயிறு

படகேறி எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போனேன். அக்கா சித்தி மகள் வீட்டில் இருக்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதே திரையில் அவனை மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்றேன்.

"அவன் மன்னிப்ப வச்சி நான் என்னா பண்றது? கொழம்பா வைக்கிறது? விட்டுரு புள்ள."

போர்ட் பிளேரில் ஒரு லாட்ஜ் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறதாம். மூக்குத்தியைக் கழற்றிவிட்டாள். "டிவில பேரு வரலைல்ல, அது போதும். யாராவது கேட்டா அது நான் இல்லன்னுருவேன்."

அவள் விடலாம். நான் விடுவதாக இல்லை.

அக்டோபர் 22

மூன்று வருடமாக அந்தச் சேனலின் போர்ட் பிளேர் செய்தியாளர் நான். ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று அனுப்பினால் 'இடமில்லை ஷீலா.' கப்பல் ஒன்பது நாளாக வரவில்லை என்றால் 'பார்க்கலாம்.' தமிழ்நாட்டுக்கு நாங்கள் ஊரே இல்லை, காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகும் இடம். 'அந்தமான் அருகே' என்று ஆரம்பித்தால்தான் எங்களுக்கு நேரலை. மற்ற எல்லாவற்றையும் வெட்டுவார்கள். நேரலையில் மட்டும் அவன் என்னிடம் கேள்வி கேட்டே ஆக வேண்டும், நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

ஆகவே காத்திருக்கிறேன்.

அக்டோபர் 27

வானம் நீலம். எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

தாழ்வு நிலை உருவாகிவிட்டது! மீனவர்களைக் கரை திரும்பச் சொல்லிவிட்டார்கள், தீவுப் படகுகள் ரத்து. நான் உட்கார்ந்து சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். என்ன ஜென்மம் நான்?

சென்னையிலிருந்து அழைப்பு. நாளை பதினொரு மணி, நந்தகுமாருடன்.

கேமராமேன் கௌதமிடம் மட்டும் திட்டத்தைச் சொன்னேன். "அரே, உனக்கு அந்த அக்கா மேல பாவமா, அவன் மேல கோபமா? தோனோ, ரெண்டும்தான்னு சொல்லாத."

கேமராவுக்கு சார்ஜ் போடு என்றேன்.

நவம்பர் 4

சொல்லிவிட்டேன்.

படகுத்துறையில் நின்றேன். காதில் அவன் குரல். "அந்தமான்ல இப்ப நிலவரம் என்ன ஷீலா?" இங்கே ஓர் இலைகூட அசையவில்லை. நான் சொன்னேன்: "நந்தகுமார், ஹேவ்லாக் விடுதியில் வேலை பார்த்த கச்சால் தீவு ஜெயராணியின் முகத்தை மறைக்காமல் காட்டினீர்கள். மறுநாளே அவர் வேலை போனது. இந்தத் திரையிலேயே மன்னிப்புக் கேளுங்கள்."

என் பேச்சு சென்னை போய்ச் சேர நாலைந்து விநாடி ஆகும். அதுவரை அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். கௌதமின் போனில் பார்த்தேன். பிறகு தலை நின்றது. கண் காகிதத்துக்குப் போனது. வெட்டினார்கள். திரையில் எழுத்து ஓடியது: 'மோசமான வானிலையால் தொடர்பு துண்டிக்கப்பட்டது.'

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். மதியத்துக்குள் என் வேலை போனது. போகட்டும். அந்தத் துண்டு தீவு வாட்ஸாப் குழு எல்லாவற்றிலும் ஓடுகிறது. அவன் முகம் வெளுத்ததைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 5

பதினேழு முறை பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

பாம்பூஃப்ளாட் படகு இன்றுதான் ஓடியது. ஜெயராணி அக்கா டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்று வேலைக்குப் போனதும் லாட்ஜ் முதலாளி என் வீடியோவை அவளிடமே காட்டினாராம். 'கச்சால் ஜெயராணி நீதானே? இங்க இருக்கிறதையும் ஊருக்குச் சொல்லுவியா?' என்று கேட்டு அனுப்பிவிட்டாராம்.

நந்தகுமார் முகம் வெளுத்ததைச் சொன்னேன். எனக்கும் வேலை போனதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

"அவன் மூஞ்சிய காட்டுனான். நீ பேரு, ஊரு எல்லாத்தையும் சொல்லிட்ட. நான் விட்டுருன்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னாய் அக்கா என்றேன்.

"அப்ப யாரக் கேட்டுச் சொன்ன?"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் குரல் உயரவே இல்லை.

"வாயத் தெற புள்ள. யாரக் கேட்டுச் சொன்ன?"