எந்த ஜோசஃப்

ஊர் நூலகம், மெய்ன்
பிப்ரவரி 2

ஆல்சிட் அண்ணா, இது அம்மா உனக்கு எழுதும் கடிதம், எழுதும் கை மட்டும் என்னுடையது. நாலு வரி எழுதினால் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் ஜன்னலோர சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்கிறாள். கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனிமேல் அம்மா. (ஒடீல்)

என் ராசாவுக்கு, இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலமாகவே இருக்கிறோம், ஆறு உறைந்து கிடக்கிறது, பூனை கொழுத்துவிட்டது. அலாஸ்காவின் நண்டுக்கடலில் நீயும் கைகால் முழுசாக இருப்பாய் என்று நம்புகிறேன். படகு பன்னிரண்டாம் தேதி கரைக்கு வருமாம், உனக்கு முன்னால் இந்தக் கடிதம் துறைமுகத்தில் போய்க் காத்திருக்கும். இருபதாம் தேதி எனக்கு இதய வால்வு ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர், ஆனாலும் உன் அப்பா உயில் எழுதாமல் போய், நம் வீடு பதினாலு மாதம் யாருடையதும் இல்லாமல் கிடந்தது உனக்குத் தெரியும், அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாமென்று உயில் எழுத ஆன்லைனில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். போர்ட்லாண்டில் இருக்கிறாள், விட்கோம் என்று பேர், உன் வயதுதான் இருக்கும். வீட்டில் இன்டர்நெட் இழுக்காததால் இங்கே நூலகத்துக் கம்ப்யூட்டரில் பேசினோம். வீடு, வயல், அப்பம் சுடும் இரும்புக்கல் என்று ஒவ்வொன்றாக அவள் கேட்கக் கேட்க, நானில்லாத வீட்டுக்குள் நானே நடந்துபோவது மாதிரி இருந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கதவோரம் உன் பூட்ஸ், அதிலிருந்து பனி உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அப்போது அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "அம்மா, கோவிச்சுக்காதீங்க, உங்க பொண்ணுக்குக் கார்டியனா செத்துப்போன உங்க வீட்டுக்காரரையா போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

(இது ஒடீல். தப்பு என்னுடையது. உயில் படிவத்தில் கார்டியனின் பேருக்கு ஒரு கட்டம், குடும்பப் பேருக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். உன் பிறப்புச் சான்றிதழில் முதலில் உள்ளபடி "ஜோசஃப்", "தெரியோ" என்று அடித்தேன். அப்பா உட்பட நம் வீட்டில் எல்லா ஆணும் ஞானஸ்நானத்தில் ஜோசஃப், எல்லாப் பெண்ணும் மரி, கூப்பிடும் பேர் அதற்குப் பின்னால்தான் வரும் என்பது போர்ட்லாண்டுக்கு எப்படித் தெரியும்?)

நூலகக்காரி கோர்மியே, "இந்த ஊர்ல ஜோசஃப்னு கூப்பிட்டா பாதிக் கல்லறைத் தோட்டம் எழுந்து வருமேடி!" என்று சிரித்தாள். நானோ வெளியே பனியைப் பார்த்தபடி, "அவரே வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயில் வந்ததோ. கார்டியனாக நான் நினைத்தது உன்னைத்தான் ஆல்சிட், ஆனால் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கேட்காம பேரைப் போடாதீங்கம்மா, அவர் மாட்டேன்னா என்ன செய்வீங்க" என்றாள் வக்கீல். அதனால் கேட்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் ஒடீலுக்குப் பதினெட்டு ஆகும்வரை, இன்னும் நாலு வருஷம், நீ இங்கே வந்து இருப்பாயா? முடியாதென்றால் முடியாது என்று சொல், நான் வருத்தப்பட மாட்டேன், கனெக்டிகட்டில் உன் அத்தை கூட்டிக்கொள்வாள், பள்ளிக்கூடம்தான் மாறும், இந்த ஆறு இருக்காது. பிள்ளை ஒரு தொந்தரவும் தரமாட்டாள்.

(இது ஒடீல். உள்ளபடி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருப்பதால் சொல்கிறேன், தருவேன். சாப்பிடும்போது புத்தகம் படிப்பேன். உருளைக்கிழங்கு அறுவடை லீவில் மூட்டை தூக்கச் சொன்னால் ஒளிந்துகொள்வேன். எனக்குக் கனெக்டிகட் வேண்டாம்.)

கரைக்கு வந்ததும் போன் பண்ணு. சம்மதமென்றால் உன் முழுப் பேரையும் உன் கையால் எழுதி, போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பு, இரண்டு ஜோசஃபில் உயிரோடு இருக்கிறவன் யாரென்று சட்டத்துக்குத் தெரியட்டும். பதினெட்டாம் தேதி உயிலில் கையெழுத்து. உன் நண்டுக்கூண்டும் கயிறும் உன்னைக் காக்கட்டும், மாதா உன் படகை மடியில் வைத்துக்கொள்ளட்டும். கம்பளி பனியனை ஈரத்தோடு போடாதே.

உன் அம்மா
மரி லூசியேன்

(அம்மா தன் பேரைத் தானே எழுதினாள், அதற்கே மூச்சு வாங்கியது. ஐந்து மணியாகிவிட்டது. "கிளம்புங்கடி மரிகளா" என்று சொல்லி கோர்மியே விளக்குகளை அணைத்துவிட்டாள்.)