புட்டியில் சிரிக்கும் அப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். கட்டிலில் உட்கார்ந்து தான் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். "எல்லாரும் சௌக்கியம்னு முதல்ல போடுடா" என்றார். போடவில்லை. நான் எழுதுவதை அவரால் படிக்க முடியாது. இரண்டு மாதமாக எழுத்து தெரிவதில்லை. எதிரில் நிற்பவரைக்கூடக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். போனில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? இருப்பது ஒரே அறை.

மாமா இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு எங்கள் கம்பெனிப் பொடிக்கு மாறப் போவதாகச் சொன்னாய். "புட்டியில உங்கப்பா படமே போட்டிருக்கே, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கேட்டாராமே. அந்தச் சாட்சியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

படம் எடுத்தது மூன்று வருடத்துக்கு முன்னால். அப்போது அப்பா மாத்திரை போட்டார், காலையில் ஒரு மணி நேரம் நடந்தார், கூடவே கம்பெனி கொடுத்த பொடியையும் குடித்தார். சர்க்கரை இறங்கியது. மேனேஜர் மாத்திரையை விட்டுவிட்டார், நடையை விட்டுவிட்டார், பொடியை மட்டும் லேபிளில் போட்டார். 'மாத்திரை இல்லை, ஊசி இல்லை, நான் நலம்.' கம்பெனி வாட்ச்மேனாக இருந்த அப்பாவுக்குக் குடோனுக்குப் பின்னால் இந்த அறை கிடைத்தது. எனக்கு உள்ளே வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. மருந்துக் கடையில் மாத்திரை வாங்க நின்றவரைப் பார்த்து, தெருக்காரர் ஒருவர் "என்னண்ணே, புட்டிக்காரரே மாத்திரை வாங்குறீங்க?" என்று சிரித்தாராம். அப்பா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றோடு மாத்திரை நின்றது. கொஞ்ச நாளில், லேபிளில் இருந்த தன் முகத்தைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

இப்போது வலது கால் பெருவிரல் கறுத்திருக்கிறது. செருப்பு கடித்த புண். வலியே இல்லை என்கிறார். வலி தெரியாவிட்டால்தான் ஆபத்து என்று மருந்துக் கடைக்காரர் சொல்கிறார். நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மேனேஜர் வாசலில் மறித்து, "இந்தக் காலோட வரிசையில போய் நின்னா பார்க்கறவன் என்ன நினைப்பான்? உங்க மூஞ்சிய நம்பித்தானே சனம் வாங்குது. ஆறுற வரைக்கும் உள்ளேயே இருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அறை அவருடையது, என் வேலை அவருடையது, அப்பாவின் முகமும் அவருடையது. கால் மட்டும் எங்களுடையது.

பொடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும், நான்தான் நிரப்புகிறேன். வெந்தயம், பாகற்காய் வற்றல், நாவல் கொட்டை. பாகற்காய் பாவம், அது யாரிடமும் போய் மாத்திரையை நிறுத்து என்று சொல்லவில்லை. லேபிள் சொல்கிறது. அதை ஒட்டுவதும் நான்தான். பசை காய்வதற்குள் கட்டைவிரலால் அப்பாவின் நெற்றியிலிருந்து தாடைவரை அழுத்தித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் சுருக்கம் விழும். ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை தேய்க்கிறேன் அக்கா.

இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் மாமாவுக்கென்று ஆறு புட்டி இருக்கிறது. அப்பாவே தடவித் தடவி அடுக்கினார், என்னால் தடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிடு. மாமா ஒரு வேளை ஊசியைக்கூட விடக்கூடாது. கோபித்தால் கோபிக்கட்டும், இந்தக் கடிதத்தைக் காட்டு. பிறகு, லீவு கிடைக்கிறதோ இல்லையோ, உடனே கிளம்பி வா. மகள் வீட்டுக்குப் போகிறார் என்றால் மேனேஜர் விட்டுவிடுவார். உங்கள் ஊரில் இந்தப் புட்டி இன்னும் விற்பனைக்கு வரவில்லை. அங்கே ஆஸ்பத்திரி வரிசையில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது.

"முடிச்சுட்டியா? ஆசீர்வாதத்தை நானே போடறேன்" என்று பேனாவைக் கேட்கிறார். கொடுக்கிறேன்.

உன் தம்பி

மகளுக்கு,

நான் பேச்சை நிறுத்திய பிறகும் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. என்ன எழுதியிருப்பான் என்று தெரியும். அவன் எழுதியது உண்மை. மருமகன் ஊசியை விட வேண்டாம். நான் சொன்னதாக வெளியில் தெரிய வேண்டாம், தம்பிக்கு வேலை போய்விடும். புட்டியைக் குப்பையில் போடும் முன் என் முகத்தைக் கிழித்துவிடு. இருவரும் நெடுநாள் நன்றாக இருங்கள்.

கால் வலிக்கவில்லை.

அப்பா