கதவுக்கு வெளியே நிற்பவர்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஐந்தே முக்கால். வழக்கமான சோதனை. மகளின் அறைக்கதவில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். மூச்சு சீராக வந்தது. லிஃப்ட் மோட்டாரில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று நாங்கள் இப்படித்தான் கேட்போம். இருபத்தாறு வருடப் பழக்கம். அவளுக்கு இது தெரியாது. தெரிந்தால் சிரிப்பாள்.

வேலையில் ஒரு கூத்து. நன்றாக ஓடுகிற மோட்டாரில் முக்கால் மணி நேரம் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். லிஃப்ட் பூட்டிக் கிடந்ததால் பதினோரு மாடிக்காரர்களும் படியேறிக்கொண்டே என்னை வாழ்த்தியிருப்பார்கள். மேற்பார்வையாளர் திட்டவில்லை. அதுதான் பயம்.

"நாளைக்கு சாயங்காலம் நூலகத்துல ஒரு கூட்டம் நடக்குது. போய் மனசுல இருக்கறத இறக்கி வச்சிட்டு வாங்கண்ணே" என்றார்.

மனசு என்ன மோட்டாரா, கழற்றித் துடைத்து மாட்ட?

மார்ச் 4, புதன்

விசித்திரமான கூட்டம். அங்கே யாரும் தன் கதையைத் தானே சொல்லக் கூடாது. நூலக வாசலில் ஒரு தகரப் பெட்டி. இந்தப் பகுதியில் யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். கூட்டத்துக்கு வரவேண்டும் என்றுகூட இல்லை. கையெழுத்து தெரியக் கூடாதென்று நூலகக்காரம்மா எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிடுகிறார். வந்தவர்கள் ஆளுக்கொரு சீட்டை எடுத்து, தன் கதை போலவே வாசிக்க வேண்டும்.

நான் எழுதிப் போட்ட சீட்டு தையல்காரருக்குப் போனது. குச்சி மாதிரி மனிதர். "என் தொப்பை எனக்கு முன்னாடியே வீட்டுக்குள் போகிறது" என்று வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

அடுத்து பஸ் டிரைவர் வாசித்தார். "காலையில் யாரோ என் கதவுக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். வரும் சத்தம் கேட்பதில்லை. நிற்பது மட்டும் தெரிகிறது."

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

மகளிடம் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஓவர்டைம் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

அந்தச் சீட்டு எந்த வீட்டிலிருந்து வந்ததோ. வாசல் தாழ்ப்பாளை இரண்டு முறை பார்த்தேன். காலையில் மகள் அறை முன்னால் கூடுதல் நேரம் நின்றேன். எவனாவது வந்தால் என்னைத் தாண்டித்தானே போகவேண்டும்.

மார்ச் 9, திங்கள்

அவள் முகம் சரியில்லை. வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இன்று மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் பார்த்தாளாம். தூக்கமில்லையா என்று கேட்டதற்கு இருக்கிறது என்றாள். கண்ணுக்குக் கீழே மை பூசியது போல் கறுப்பு.

தோழியோடு அறை எடுத்துத் தங்கட்டுமா என்கிறாள். வேலைக்குப் பக்கமாம். அங்கே இவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று யார் பார்ப்பது? யோசிக்கலாம் என்றேன்.

மார்ச் 11, புதன்

இந்த வாரமும் அதே வீட்டுச் சீட்டு. தையல்காரர் வாசித்தார். "இப்போது அதிக நேரம் நிற்கிறார்கள். நான் விழித்துக்கொண்டே படுத்திருக்கிறேன்."

போலீசில் சொல்லவேண்டும் என்றார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியது நான்தான். "அந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

மார்ச் 15, ஞாயிறு

இவள் அம்மா போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து மூன்று மணி நேரம் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தேன். பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தேன். எழுந்துவிடப் போகிறாளே என்று.

இதை எங்கும் எழுதியதில்லை. போதும்.

மார்ச் 17, செவ்வாய்

மூச்சு கேட்கவில்லை.

எண்ணினேன். இருபது. முப்பது. கதவில் நெற்றியை வைத்தேன். நாற்பது. கை கதவின் கைப்பிடிக்குப் போய்விட்டது. அப்போதுதான் வந்தது — தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்குகிறவள் மாதிரி ஒரே இழுப்பாக.

சமையலறைக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

இன்று அந்தச் சீட்டு என் கைக்கு வந்தது. வாசித்தேன்.

"செவ்வாய்க்கிழமை காலை கதவில் இரும்பு முனை 'டிக்'கென்று பட்டதும் மூச்சை அடக்கிக்கொண்டேன். மூச்சு கேட்காவிட்டால் போய்விடுவாரோ என்று பார்த்தேன். போகவில்லை. நெற்றி வந்து கதவில் முட்டியது. அது யார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். கதவைத் திறக்கத்தான் பயம். திறந்தால் அப்பா எந்த முகத்தோடு நிற்பார்?"

அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. குரல் என்னுடையதாக இல்லை.

நூலகக்காரம்மா தண்ணீர் கொடுத்தார். பஸ் டிரைவர் சொன்னார், "பாவங்க. அந்த மனுசனுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்லணும்."

"சொல்லியாச்சுங்க" என்றேன்.

மார்ச் 19, வியாழன்

ஐந்தே முக்கால். எழவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். போகாதேடா. போகாதே. ஆறு ஆனது.

அப்போது என் கதவுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. வந்த சத்தம் கேட்கவில்லை. அசைவும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதை முதுகுத்தண்டு எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது. இதையா நான் அவளுக்கு, தினமும் —

"உயிரோடதாம்மா இருக்கேன்" என்றேன்.

கதவு திறந்தது. "நீங்க வரலையேன்னு..." என்றாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தோம். புதன்கிழமைகளில் எங்கே போகிறேன் என்று சொன்னேன். அந்த மூன்று மணி நேரத்தையும் சொன்னேன். அவள் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நானும் நுனிக்கால்லதாம்பா நடந்தேன்."

ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் அப்படி நடந்திருக்கிறோம். இத்தனை நாளும் எனக்கு ஒருவனைத்தான் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

தோழியின் அறையில் மகளுக்குக் கட்டிலைப் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு திருகு மிஞ்சிவிட்டது. மெக்கானிக்காம் மெக்கானிக்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எட்டு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

இரண்டாவது முறை கூப்பிடவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். கோணல். பிரித்து மறுபடி தைத்தேன். ஒன்பது. பாத்திரங்களைத் தேய்த்தேன், வேண்டுமென்றே சத்தமாக. மாடிப்படி இறங்கி ஏறினேன். ஒன்பதே முக்கால்.

பத்தேகாலுக்கு அழைத்தாள். குரல் முழுக்கத் தூக்கம்.

"தூங்கிட்டேம்பா."

"சரிம்மா. தூங்கு" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.