தொப்பிக்காகத் திரும்பிய ஆம்புலன்ஸ்

ஜூனிபர் க்ரீக்,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஆர்லனுக்கு,

உன் மனைவி நோரீன் எழுதுவது. குட்டையாக, சத்தமாக ஒருத்தி இருப்பாளே, அவள்தான். நான் சௌக்கியம். நாய் என்னைவிடச் சௌக்கியம். உன் நாற்காலியில்தான் தூங்குகிறது. போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் எழுதுவதில் பிழை இருக்கும், சிரித்துக்கொள். ஆனால் கடைசிவரை படி.

முதல் உறைபனி விழுந்து தக்காளிச் செடி எல்லாம் கறுத்துவிட்டது. பள்ளிச் சமையலறையில் என் வேலை எப்போதும்போல்தான். ஊரில் ஒரே பேச்சு, அரசாங்கச் செலவுக்குப் போடப்போகும் அந்தப் பூட்டுதான். வேலைக்குப் போன இடத்தில், போர்ட்லண்டில், நீ பார்க்காமலா இருப்பாய்? மாநில அரசு இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டுமாம், அதற்கு நாம் ஓட்டுப் போட வேண்டுமாம். சாலை நெடுகத் தட்டி, தட்டிக்குத் தட்டி ஒரு பூட்டுப் படம்.

தீவனக் கடை வெர்ஜில் என்னை மறித்து, "பூட்டறது சரிதான் நோரீன், சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டான். "உன் கல்லாச் சாவியையே தினம் தேடற ஆளு நீ, உனக்கெதுக்கு அந்தக் கவலை?" என்றேன். ஆனால் எனக்கும் அதே சந்தேகம்தான். உனக்குத்தான் தெரியுமே, சும்மா சிரித்துக்கொண்டு எதையாவது நீட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. எதிர்ப்பவர்களையும் நம்பவில்லை. அவர்கள் அனுப்பிய தாளில் ஒரு குழந்தை அழுகிறது. அதே குழந்தை போன தேர்தலில் வேறு எதற்கோ அழுதது.

விவசாயிகள் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு பலகாரம் கொண்டுபோனோம். பெர்ரிப் பழம் வைத்து நான் சுட்ட பலகாரம்தான் முதலில் தீர்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் ஓட்டும் டார்லா எழுந்து பேசினாள். வெறும் சட்டமென்றால் சரிப்படாதபோது சட்டசபையே மாற்றிக்கொள்ளும், அரசமைப்பில் எழுதிவிட்டால் அதை எடுக்க மறுபடி மாநிலம் முழுக்க ஓட்டுப் போட வேண்டும் என்றாள். "வரம்பு வந்தா பெரிய ஊரை யாரும் தொடமாட்டாங்க. மலைக்கு இந்தப் பக்கம் கிடக்கற நம்ம வண்டியத்தான் முதல்ல நிறுத்துவாங்க" என்றாள்.

அவளையும் விடவில்லை நான். "உன் வேலை போயிடும்னு பயமா டார்லா?" என்று கேட்டேன். "வேலையா? எனக்கு யாருடி சம்பளம் குடுக்கறா? அர்த்த ராத்திரியில எழுந்து போறேன்னு என் வீட்டுக்காரன் திட்டறதுதான் எனக்குக் கிடைக்கற கூலி" என்றாள். கூடமே சிரித்தது. அவள் சொல்வதை நம்பினேன்.

இனி உன் சங்கதி. போன வாரம் வாக்காளர் கையேடு தபாலில் வந்தது. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அதில் ஆதரித்தோ எதிர்த்தோ எழுதலாம் அல்லவா? நான் அதை அடுப்பு மூட்ட எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் வெர்ஜில் கடைக்கு வெளியே வந்து, "உன் புருஷன் எழுத்தாளர் ஆயிட்டாரே, விருந்து ஒண்ணும் கிடையாதா?" என்று கத்தினான். பூட்டை ஆதரிக்கும் பக்கத்தில் ஒரு பத்தி. அதன் அடியில் உன் பெயர்.

நான் உனக்காகச் சண்டை போட்டேன் ஆர்லன். "நாட்டுல ஒரே ஒரு ஆர்லன் பிக்ஃபோர்டுதான் இருக்கானா? நிதி ஒழுங்குன்னு இதுல போட்டிருக்கு. என் ஆளுக்கு அந்த வார்த்தை வாயிலயே நுழையாது, பல்லைக் கழட்டி வெச்சாத்தான் உண்டு" என்றேன். கடையில் இருந்த எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து அதை முழுதாகப் படித்தேன்.

"எங்கள் வரிப்பணத்தில் ஓடும் ஆம்புலன்ஸ், நோயாளியின் தொப்பியை எடுப்பதற்காகப் பாதி வழியில் திரும்பி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்." இப்படி ஒரு வரி அதில் இருக்கிறது.

அது நமக்கும் டார்லாவுக்கும் மட்டும் தெரிந்த கதை. வெளியே தெரிந்தால் ஊர் கேலி செய்யும் என்று நீதான் எங்களிடம் சத்தியம் வாங்கினாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவன், தொப்பி இல்லாமல் சாகமாட்டேன் என்று அடம்பிடித்தாய். சண்டை போட்டால் உன் நெஞ்சுக்கு ஆகாது என்றுதான் அவள் வண்டியைத் திருப்பினாள். திருப்பியும் உன்னை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

டார்லாவும் படித்துவிட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். "தொப்பி அவனோடதுன்னு எழுத மறந்துட்டான் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

என்ன நடந்திருக்கும் என்று நானே உனக்காக ஒரு கதை கட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் நீ அதைச் சிரிப்புக்காகச் சொல்லியிருப்பாய். உன் முதலாளியின் ஆள் எவனோ காதில் வாங்கி, அந்தக் கதைக்கு நல்ல உடுப்பு மாட்டி எழுதி, கையெழுத்துக்கு நீட்டியிருப்பான். வேலை போய்விடுமோ என்று நீயும் போட்டிருப்பாய். இதை என்னால் மன்னிக்க முடியும். கொஞ்ச நாள் கிண்டல் செய்வேன், அவ்வளவுதான்.

ஆனால் உன் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயர் இருக்கிறதே. ஜூனிபர் க்ரீக் இல்லை. போர்ட்லண்ட் என்று இருக்கிறது. அதை அவர்களே போட்டார்களா, நீ சொல்லிப் போட்டார்களா? இங்கே திரும்பி வந்து வாழப்போகிறவன் இந்த ஊர் ஆம்புலன்ஸை நிறுத்தச் சொல்லி எழுதமாட்டான். அதனால்தான் கேட்கிறேன்.

நேற்று, வீட்டிலேயே நிரப்பி அனுப்பும் ஓட்டுச் சீட்டுகள் தபாலில் வந்தன. வீடு மாறியவர்களின் சீட்டைப் புது முகவரிக்கு அனுப்பமாட்டார்கள், திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தபால்காரர் சொன்னார். தபால் பெட்டிக்குள் கையை விடவே எனக்குப் பயம். உன்னுடையதும் சேர்த்து இரண்டு உறை இருந்தது. இன்னும் நீ இந்த வீட்டு ஆள்தான் என்று அரசாங்கமாவது நம்புகிறது.

உன் உறையை நான் பிரிக்கவில்லை. "நீயே நிரப்பிப் போட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் வெர்ஜில். உன் கையெழுத்தை உன்னைவிட நன்றாக என்னால் போட முடியும். ஆனாலும் அது உன் ஓட்டு. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். வந்து போடு. பூட்டுக்கே போட்டாலும் போடு, பார்க்கமாட்டேன். ஆனால் நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து போடு.

குளிர் ஏறுகிறது. மாத்திரையை விடாதே, கனமான சாமான் எதையும் தூக்காதே. அங்கே உனக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும். ஆனால் ஏதாவது ஆகிவிட்டால், அங்கே ஓடி வருகிறவர்கள் டார்லாவைப்போல் இருக்கமாட்டார்கள்.

இந்த முறையும் தொப்பியை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். கதவோரம் ஆணியில் தொங்குகிறது. அன்று அதற்காக ஆம்புலன்ஸையே திருப்பினாய். இப்போது நீ திரும்பு.

உன்,
நோரீன்