பதினான்கு பாகை

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று முற்பகல் வென்ட்சலை எடையிட்டேன்: 1,412 கிராம். நாற்பத்தோரு வயது ஆமைக்கு, இலையுதிர் காலத் தொடக்கத்தில், குறை சொல்ல முடியாத எடை. வழக்கப்படி இன்னும் ஆறு வாரத்தில், மார்ட்டின் திருநாளன்று, அவனைப் பெட்டியில் வைத்து ட்ராமில் கொண்டுபோய், தங்கை ஹெல்மாவின் நிலவறைக் குளிர்பெட்டியில், ஐந்து பாகைக் குளிரில், வசந்தம் வரை உறங்க விட வேண்டும். கோடை எனக்கு, ஏனெனில் தோட்டம் என்னுடையது. குளிர்காலம் அவளுக்கு, ஏனெனில் அந்தக் குளிர்பெட்டி அவளுடையது. பெற்றோர் வீட்டை விற்ற நாளிலிருந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக, இதுவே ஏற்பாடு.

இவ்வாண்டு கொண்டுபோவதாக இல்லை.

காரணத்தை எழுதிவைக்கிறேன், பின்னொரு நாள் நானே அதை மழுப்பிவிடக் கூடாது. ஆமை வளர்ப்போர் சங்கத்தின் காலாண்டிதழில் என் கட்டுரை வெளியானது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் நின்று, நூலகப் புத்தகங்களால் மட்டுமே கற்ற ஒருத்தி எழுதிய இரண்டு பக்கங்கள். ஈஸ்டர் காப்பி மேசையில், உறவினர் ஒன்பது பேர் முன்னிலையில், ஹெல்மா எழுந்து நின்று அதைக் குரலை இழுத்து இழுத்து வாசித்தாள். “அடேயப்பா, விதா! ஆமையைப் பத்தி எழுதினியா, இல்ல அமைச்சரவைக்கு அறிக்கை அனுப்பினியா?” எல்லோரும் சிரித்தார்கள். கேக்கை நறுக்கிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

குளிர் வந்தால் ஆமை உறங்குகிறது. குளிரை வரவிடாமல் தடுத்துவிட்டால் உறக்கம் தேவையில்லை. ஹெல்மாவும் தேவையில்லை.

அக்டோபர் 4, சனி

வென்ட்சலின் கோடை வீடு, ஒளிபுகும் இரட்டைத் தகடுகளால் ஆன பெரிய நாற்றுப்பெட்டி. அதனுள் ஒரு மரக்கூடு. இன்று அந்தக் கூட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டினேன். சுவர், கூரை, தரை என எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் நுரைப்பலகை. அதன்மேல் ஒட்டுப்பலகை, ஏனெனில் ஆமை நுரையைக் கடித்து விழுங்கினால் குடல் அடைத்துவிடும். நாற்றுப்பெட்டியைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, அங்கேயும் பலகை இறக்கினேன். வாசலுக்குக் கனத்த பிளாஸ்டிக் பட்டைகளாலான திரை. வெப்பத்துக்கு, வெளிச்சம் தராத பீங்கான் விளக்கு ஒன்று, வெப்பநிலைக் கருவியோடு.

மின்கம்பியை இழுத்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பொலென்ட்ஸ், ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். என்னை இன்னும் மரியாதையாக ‘ஃப்ராவ்’ போட்டு, குடும்பப் பெயரால்தான் அழைப்பார்.

“ஃப்ராவ் தீமெ, எங்க படுக்கையறைகூட இவ்வளவு கதகதப்பா இல்ல. வாடகைக்கு விடுவீங்களா?”

“மீசை வச்சவங்களுக்கு இல்ல.”

“எடுத்துட்டாப் போச்சு. ஆமா, இந்த வருஷம் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பலையா?”

“கம்பியைப் பாருங்க, ஹெர் பொலென்ட்ஸ்.”

அக்டோபர் 12, ஞாயிறு

வெளியே 8 பாகை செல்சியஸ், கூட்டுக்குள் 19. சீமைக் காட்டுமுள்ளங்கி இலை முழுவதையும் தின்றான். நான் கணித்தது சரியே.

அக்டோபர் 25, சனி

ஹெல்மா தொலைபேசியில் அழைத்தாள். ஈஸ்டருக்குப் பிறகு இரண்டாம் முறை.

“தீனியை நிறுத்திட்டியா? மார்ட்டினுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. குடல் காலியாகணும்ல.”

“இந்த வருஷம் அவன் தூங்கப் போறதில்ல. வெப்பமூட்டுன கூடு கட்டியிருக்கேன்.”

“என்னது? தோட்டத்துலயா? உனக்கென்ன கிறுக்கா, விதா?”

“விவரமா அறிக்கை அனுப்பட்டுமா?”

தொலைபேசியை நானே வைத்தேன். நல்ல பதில்தான். ஆறு மாதம் தாமதமாக வந்த பதில்.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் உறைபனி. ஃபுல்டா ஆற்றின் பக்கமிருந்து வந்த குளிர் புல்லையெல்லாம் வெளுக்கச் செய்துவிட்டது. வெளியே சுழியத்துக்குக் கீழே மூன்று. கூட்டுக்குள் பதினான்கு.

கருவியை இருபத்திரண்டில் வைத்திருந்தும் பதினான்குக்கு மேல் ஏறவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ஆயினும் அசையாத பதினான்கு! காலையில் பதினான்கு, மாலையில் பதினான்கு. என் இரு கைகளால் குளிர்காலத்தை ஒரு மரப்பெட்டிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அந்த எண்ணுக்கு அடியில் இருமுறை கோடிட்டேன்.

எடை 1,398.

நவம்பர் 11, செவ்வாய்

மார்ட்டின் திருநாளுக்காக விளக்குக் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் பாடியபடி தெருவில் சென்றார்கள். ஹெல்மா அழைக்கவில்லை. மாலை முழுவதும் நான் தொலைபேசியின் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

1,361.

ஒன்பது நாளாக உண்ணவில்லை. உறங்கவுமில்லை. மெதுவாக, நகத்தை இழுத்து இழுத்து நடக்கிறான். வடமூலைக்குப் போகிறான், முன்கால்களால் சுவரைச் சுரண்டுகிறான், திரும்புகிறான், மீண்டும் வடமூலை. எங்கே போக வேண்டும் அவனுக்கு? தரை இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது, வெப்பம் இருக்கிறது. வேறென்ன?

நவம்பர் 19, புதன்

ஒட்டுப்பலகையின் விளிம்பைப் பெயர்த்துவிட்டான். நுரை தெரிகிறது. தகரப்பட்டை வைத்து அறைந்தேன். அடுக்களையில் பாத்திரம் கழுவும்போதும் அந்தச் சுரண்டல் கேட்கிறது. சன்னல் மூடியிருக்கிறது, தோட்டம் இருபதடி தள்ளி, கேட்க வழியே இல்லை. கேட்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

பெரிய விளக்காக மாற்றித் தரும்படி பொலென்ட்ஸிடம் கேட்டேன். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார், வைக்கோலைத் தொட்டார்.

“மாட்டேன்.”

“ஏன்?”

“இவ்வளவு சின்ன இடம், சுத்தி மரம், கீழ வைக்கோல். இதுக்கு மேல ஏத்தினா அது கூடு இல்ல, அடுப்பு. ஆமை சூப் வேணும்னா சொல்லுங்க.”

நான் சிரிக்கவில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, “ஃப்ராவ் தீமெ, அது சுவத்தைச் சுரண்டல. மண்ணைத் தேடுது. எங்க மாமனார் வீட்டுல ஒண்ணு இருந்துச்சு, இந்த மாசத்துல இப்படித்தான் பண்ணும்,” என்றார்.

மாமனாருக்கு நூலக அட்டை இருந்ததா என்று கேட்க நினைத்தேன்.

நவம்பர் 30, அட்வென்ட் முதல் ஞாயிறு

1,322.

கிறிஸ்துமஸை எதிர்நோக்கும் நான்கு ஞாயிறுகளில் முதலாவதற்கான மெழுகுவத்தியை ஏற்றினேன். பிறகு தோட்டத்துக்குப் போய், கூட்டின்மேல் இரண்டு கம்பளிகளும் குமிழித்தாளும் சுற்றிக் கயிற்றால் கட்டினேன். விரிசல்களை நாடாவால் ஒட்டினேன். எல்லாம் முடித்த பின் பதினைந்து. ஒரு பாகை ஏறியது. ஒரே ஒரு பாகை.

வென்ட்சல் என்னைப் பார்த்தான். கண்கள் சற்று உள்வாங்கியிருக்கின்றன. இருட்டுக்குள் கைவிளக்கோடு குனிந்திருந்த எனக்கு ஒன்று தோன்றியது, அதை எழுதாமல் விடுகிறேன்.

இல்லை, எழுதுகிறேன். இவன் எனக்காக விழித்திருக்கிறான்.

டிசம்பர் 4, வியாழன்

கால்நடை மருத்துவர் மெர்டென்ஸ். என் எடைப் பட்டியலை வாங்கி முழுவதும் படித்தார். “ரொம்ப ஒழுங்கா வச்சிருக்கீங்க,” என்றார். பிறகு வெப்பநிலைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“பதினாலு... பதினாலு... எல்லா நாளும் பதினாலா?”

“ஆம். முதல் உறைபனியிலிருந்து ஒரு பாகைக்கு மேல் மாறவில்லை,” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“அதுதாங்க சிக்கல். அஞ்சு டிகிரின்னா தூங்கிடும், உடம்பு அடங்கிடும். நல்ல வெளிச்சத்தோட முப்பதுன்னா தின்னும், ஜீரணிக்கும். பதினாலுல ரெண்டும் முடியாது. நடந்துக்கிட்டே கரையும்.”

“எவ்வளவு நாள்?”

“இன்னும் தாமதமாகல. ஆனா இந்த மாசத்துக்குள்ள ஒரு முடிவு எடுங்க. குடல் காலியாத்தான் இருக்கு. ஒரு வாரம் பத்து டிகிரியில வச்சு இறக்கி, அப்புறம் தூங்க விடுங்க. நிலையா ஓடுற ஃப்ரிட்ஜ் இருக்கா?”

“என்னிடம் இல்லை,” என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, “யார்கிட்டயாவது இருக்கா?” என்றார்.

டிசம்பர் 6, சனி

கடைக்குப் போனேன். சிறிய குளிர்பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. எது வேண்டுமானாலும் திங்களன்று வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் புதிய பெட்டி ஐந்து பாகையில் நிலைத்து நிற்கும் என்று நம்புவதற்கு முன் இரண்டு வாரமாவது வெறுமையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முறை உறைந்தால் அவன் கண் போய்விடும். ஒரு முறை சூடானால் விழித்துக்கொள்வான். இரண்டு வாரமும் அவன் பதினான்கிலேயே நடக்க வேண்டும்.

கடையில் ஒரு கதவைத் திறந்து மூடினேன். திறந்து மூடினேன். விற்பனைப் பெண், “யாருக்குப் பாக்குறீங்க?” என்றாள்.

கேட்பதா? ஹெல்மாவிடமா? கேட்டால் என்ன சொல்வாள்? ‘நான் அப்பவே உன்கிட்ட சொன்னேன்ல’ என்பாள். சொல்லட்டுமே. எத்தனை சொற்கள் அது? நான்கு. நான்கு சொற்களுக்கா...

டிசம்பர் 7, ஞாயிறு

1,304.

காலை ஒன்பதுக்கு ஹெல்மாவை அழைத்தேன். முன்னரே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், மூன்று வாக்கியங்கள், பிழையற்றவை. ஒன்றும் வாயில் வரவில்லை.

“ஹெல்மா, அவன் தின்ன மாட்டேங்கிறான். தூங்கவும் மாட்டேங்கிறான். நான்தான்... நூறு கிராம் போயிருச்சு.”

“எப்ப கொண்டு வர்ற?”

“நாளைக்கு.”

“இன்னைக்கு வா.”

அதே நாள், மாலை

ட்ராமில் பதினொரு நிறுத்தங்கள். பெட்டியை மடியில் வைத்து, மேலே என் மேற்சட்டையைப் போர்த்தியிருந்தேன். எதிரே அமர்ந்திருந்தவர் கேக்கா என்று கேட்டார், ஆம் என்றேன்.

ஹெல்மா கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். நிலவறைப் படிக்கட்டின் கீழே, பத்து பாகை இருக்கும் இடத்தில், மண்ணும் பீச் மரச் சருகுமாக ஒரு தொட்டி தயாராயிருந்தது. சருகு காய்ந்து உதிரவில்லை. யாரோ அவ்வப்போது நீர் தெளித்திருக்கிறார்கள்.

வென்ட்சலை இறக்கினோம். வடமூலை எது என்று தேடவில்லை அவன். தலையைத் தாழ்த்தி மண்ணுக்குள் இரண்டு முன்கால்களையும் செலுத்தினான், அவ்வளவுதான்.

அப்போதுதான் ஒரு முனகல் கேட்டது. குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கதவில், ஒவ்வோர் ஆண்டும் அவள் ஒட்டும் கோடிட்ட தாள். நவம்பர் 11 முதல் அவள் கையெழுத்து. வெப்பநிலை: 5, 5, 5, 4.8, 5. எடைக் கட்டம் முழுவதும் வெறுமை. கடைசிக் கட்டத்தில் ஞாயிறுதோறும் ‘காற்று மாற்றப்பட்டது’ என்று ஒரு குறி. நான்கு ஞாயிறு, நான்கு குறி.

“காலியா இருக்கிறதை எதுக்கு ஓட விட்ட?”

“நிறுத்தினா மறுபடி நிலைக்கு வர ரெண்டு வாரமாகும். உனக்கே தெரியும்.”

“சரி. கதவையும் திறந்து காத்து விட்டியா?”

“வாரத்துக்கு ஒரு தடவை விடணும்ல.”

“யாருக்கு, ஹெல்மா?”

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தாள். “குளிர்ல நின்னு குறுக்கு விசாரணை பண்ணாத. மேல வா. சூப் ஆறுது.”

அந்த நான்கு சொற்களை அவள் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

டிசம்பர் 14, ஞாயிறு

குளிர்பெட்டிக்குள் வைத்தோம். முழுவதும் மண்ணுக்குள், ஓட்டின் வளைவு மட்டும் தெரிகிறது. 1,301. வாரம் முழுவதும் மூன்று கிராம்.

டிசம்பர் 21, ஞாயிறு

5.1 பாகை. 1,300 கிராம்.

காற்று மாற்றினோம். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன், ஹெல்மா எண்ணினாள். அறுபது எண்ணி மூட வேண்டும் என்பது அவளுடைய விதி. ஐம்பத்திரண்டு வரை போனவள் வென்ட்சலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நாற்பதுக்குத் திரும்பி அங்கிருந்து தொடர்ந்தாள்.

நான் திருத்தவில்லை.